சந்தனப் பொட்டு வச்சாலும் ஸ்கேன் ஆகுதே, எப்படி?

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலைல, கும்பகோணத்துல வழக்கமா போற டீக்கடைல ஒரு வேடிக்கை. பாய்லர், கல்லாப்பெட்டி, கதவு நிலைன்னு எல்லாத்துக்கும் பொட்டு வச்ச கையோட கடைக்கார அண்ணன் க்யூஆர் அட்டையையும் விட்டு வைக்கல. வெளில மாட்டின அட்டைல நட்டநடுவுல ஒரு சந்தனப் பொட்டு, கல்லா மேல நிக்கிற அட்டைல மூலைல இருக்கற மூணு கட்டத்துக்கும் ஆளுக்கொண்ணு. வெளி அட்டை டக்குனு ஸ்கேன் ஆகுது, கல்லா அட்டை என்ன பண்ணியும் ஆகமாட்டேங்குது. "சர்வர் டவுன் போல தம்பி"ங்கறார் அண்ணன். கூட வந்த அக்கா பையன் காலேஜ் படிக்கறான், "மாமா, சர்வர் டவுன்னா ரெண்டுமே தானே ஓடக்கூடாது?"ன்னான். நியாயமான கேள்வி, வர்ற வழியெல்லாம் அதுக்கு பதில் சொல்லிட்டே வந்தேன், அதையே இங்க எழுதறேன்.

க்யூஆர் கோடு 1994ல ஜப்பான்ல டென்சோ கம்பெனில மசஹிரோ ஹாராவோட டீம் பண்ணது, கார் பார்ட்ஸ் எது எங்க இருக்குன்னு கணக்கு வச்சுக்க. கருப்பு 1, வெள்ளை 0, இது எல்லாருக்கும் தெரிஞ்சது. மூலைல மூணு பெரிய சதுரம் இருக்குல்ல, அதுக்கு குறுக்க எந்தப் பக்கம் கோடு போட்டாலும் கருப்பு வெள்ளை மாறி மாறி 1:1:3:1:1ன்னு வரும். அச்சடிச்ச தாள்ல ரொம்ப அபூர்வமா வர்ற விகிதம் எதுன்னு தேடித்தேடி எடுத்தாங்க. கேமரா முதல்ல இந்த மூணு கண்ணைத்தான் தேடும், கண்டுபிடிச்சாத்தான் அட்டை நேரா இருக்கா சாஞ்சிருக்கான்னே தெரியும். அண்ணன் பொட்டு வச்சது அந்தக் கண்ணுலயே. அப்புறம் எங்க ஸ்கேன் ஆகறது!

நடுவுல வச்ச பொட்டு ஏன் ஒண்ணும் பண்ணல, அதான் எனக்கு ரொம்ப பிடிச்ச இடம். 10ஆவது கிராஃப் பேப்பரை நினைச்சுக்கங்க. நான் உங்களுக்கு 5, 7ன்னு ரெண்டு நம்பர் அனுப்பணும். அதை (1,5), (2,7)ன்னு புள்ளி வச்சு நேர்கோடு போடறேன், அந்தக் கோட்டை நீட்டினா அடுத்து 9, 11 வரும், அதையும் சேத்து 5, 7, 9, 11ன்னு அனுப்பிடறேன். வழில 7 அழிஞ்சு 1 ஆயிடுச்சுன்னு வைங்க. உங்க கைல 5, 1, 9, 11. கிராஃப்ல வச்சுப் பாத்தா மூணு புள்ளி ஒரே கோட்டுல நிக்கும், ஒண்ணு மட்டும் தள்ளி நிக்கும். தப்பு எதுன்னும் தெரிஞ்சுபோச்சு, அங்க என்ன இருந்திருக்கணும்னும் கோடே சொல்லிடுச்சு! ரெண்டு புள்ளி கூட அனுப்பினா ஒரு தப்பைத் திருத்தலாம், இதான் கணக்கு.

1960ல ரீட், சாலமன்னு ரெண்டு பேர் எழுதினது இதைத்தான், நேர்கோட்டுக்கு பதிலா வளைகோடு. க்யூஆர்ல போடற விதம் கொஞ்சம் வேற, அடிப்படை இதான். 29க்கு 29 கட்டம் உள்ள க்யூஆர்ல, நடுத்தர பாதுகாப்புல, மொத்தம் 70 பைட், அதுல விஷயம் 44, உபரி 26, ஆக 13 பைட் நாசமானாலும் மீட்டுடலாம். 8 கட்டம் சேந்தது ஒரு பைட், 2க்கு 4ன்னு ஒட்டி ஒட்டி அடுக்கியிருப்பாங்க, அதுல ஒரு கட்டம் கெட்டாலும் எட்டும் கெட்டாலும் ஒரே தப்புதான். பொட்டு ஒரே இடத்துல திட்டா உக்காந்துக்கறதால 6க்கு 6 கட்டத்தை மறைச்சாலும் அடிபடறது அதிகம்போனா ஒரு டஜன் பைட். சந்தனம் வெளிறின கலர் வேற, கேமராவுக்கு வெள்ளை மாதிரிதான், அடில வெள்ளைக் கட்டம் இருந்தா தப்பே இல்ல. இதே கட்டங்களை அட்டை பூரா சிதறவிட்டு அழிச்சிருந்தா க்யூஆர் செத்துருக்கும்.

இதுக்கு அடில ஓடற கணக்கு 1832ல 20 வயசுல செத்துப்போன கால்வாங்கற பிரெஞ்சு கணக்கு மேதையோடது. அப்ப யாரும் அதை மதிக்கல. நம்ம ஊர்லயே ராமானுஜன் கணக்குல மட்டும் மூழ்கி மத்த பாடத்துல கோட்டை விட்டதுக்கு காலேஜ்ல ஸ்காலர்ஷிப்பே போச்சு. "இதனால என்ன யூஸ்"னு கேட்டுட்டு கணக்கு ஆராய்ச்சிக்கு காசு குடுக்க யோசிக்கறவங்களைப் பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வரும், அவங்க பாக்கெட்ல இருக்கற போன்ல ஓடறதே அதான்.

சரி, யுபிஐ அட்டைல இருக்கறது என்ன? பணமும் இல்ல ஒண்ணும் இல்ல, கடைக்காரரோட விலாசம் மட்டும்தான், அதான் பிரிண்ட் எடுத்து ஒட்டினாலே வேலை செய்யுது, மிஷின் வாங்க வேணாம். 2016ல யுபிஐ வந்தப்புறம் சில்லறைக்கு பதிலா மிட்டாய் குடுக்கற வழக்கமும் குறைஞ்சுபோச்சு. ஆனா இந்தக் கணக்கு கறையைத்தான் திருத்தும், திருட்டை இல்ல. ராத்திரில ஒருத்தன் வந்து மேல வேற ஸ்டிக்கர் ஒட்டிட்டா அது சுத்தமான க்யூஆர், தப்பே இல்லாம திருடனுக்குப் போகும். பின் போடறதுக்கு முன்னாடி திரைல வர்ற பேரைப் பாக்கறது ஒண்ணுதான் வழி. நான் பாக்கறதில்ல, அது வேற.

அண்ணன்கிட்ட கண்ணு கதையைச் சொன்னேன். ஈரத்துணி எடுத்து மூணு பொட்டையும் துடைச்சார், வெறுமையா இருந்தா நல்லாருக்காதுன்னு நடுவுல ஒண்ணு வச்சார். ஸ்கேன் பண்ணேன், ஸ்பீக்கர் "முப்பது ரூபாய் பெறப்பட்டது"ன்னுச்சு. "பாத்தீங்களா, சாமி இருக்கு"ங்கறார்.