ஸ்டிக்கரில் 500 வாட், உள்ளே எவ்வளவு?

நண்பன் தன் கம்ப்யூட்டரில் இருந்த சின்ன கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு ஆர்டிஎக்ஸ் 3060 மாட்டினான். படம் பார்த்தால் ஒன்றும் ஆகாது, கேமில் சண்டை சூடுபிடித்ததும் பட்டென்று அணைந்துவிடும். கார்டில்தான் கோளாறு என்று கடைக்கும் வீட்டுக்கும் அலைந்தான். நான் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரை டார்ச் அடித்துப் படித்தேன். பெரிய எழுத்தில் 500 வாட். அடியில் பொடி எழுத்தில், 12 வோல்ட்டுக்கு நேராக 18 ஆம்ப்ஸ். பெருக்கிப் பாருங்கள், 216 வாட். சரக்கு அவ்வளவுதான்.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசியை எஸ்எம்பிஎஸ் டிசியாக மாற்றி, 12, 5, 3.3 வோல்ட் என்று பிரித்துக் கொடுக்கிறது. இன்றைய பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் தங்களுக்கு வேண்டியதை ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன, அதனால் மற்ற இரண்டிலும் எவ்வளவு கூட்டிக் காட்டினாலும் கேமுக்குப் பிரயோஜனமில்லை.

அவன் கணக்கு இது. கார்டுக்கு 170 வாட், ஐ5 12400எஃப் பிராசஸர் முட்டி ஓடினால் 117, போர்டு, ரேம், ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 50. மொத்தம் 340க்குப் பக்கம்.

சரி, 340தான் என்றால் என்விடியா இந்தக் கார்டுக்கு ஏன் 550 வாட் எஸ்எம்பிஎஸ் கேட்கிறது? உங்கள் பிராசஸர் எது என்று அவர்களுக்குத் தெரியாது, அது ஒன்று. பெரிய காரணம் வேறு. 170 என்பது சராசரி. திரையில் காட்சி மாற மாற கார்டின் வேலை ஏறி இறங்கும், கண் இமைப்பதற்குள் பலமுறை சராசரியைத் தாண்டி எகிறும். மீட்டரில் இது தெரியவே தெரியாது, ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள பாதுகாப்பு சர்க்யூட்டுக்குத் தெரியும், அது ஆபத்து என்று நினைத்து மொத்தத்தையும் அணைத்துவிடும். ஆர்டிஎக்ஸ் 3080, 3090 வந்த புதிதில் நல்ல எஸ்எம்பிஎஸ்களே இப்படி விழுந்தன. 2022இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 விதிப்படி, கிராஃபிக்ஸ் கார்டுக்கான புது 16 பின் கனெக்டர் உள்ள எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல இருமடங்கை 100 மைக்ரோ செகண்ட் தாங்க வேண்டும். பெரிய கார்டு வாங்குகிறவர்கள் அதைப் பார்த்து வாங்குங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸில் போட்டிருக்கும் 80 பிளஸ் கோல்டு என்பது தரச் சான்று இல்லை, எவ்வளவு கரண்ட் சூடாக வீணாகிறது என்பதன் கணக்கு மட்டும். 90 சதவீதத் திறனில் 360 வாட் கொடுக்க, சுவரிலிருந்து 400 இழுக்கும். அப்புறம், 1000 வாட் வாங்கினால் கரண்ட் பில் ஏறும் என்பார்கள். ஏறாது, தேவையானதைத்தான் எடுக்கும். ஆனால் இந்தக் கார்டுக்கு அது தண்டச் செலவு.

அவனுக்கு 650 வாட்டில், 12 வோல்ட்டுக்கு 54 ஆம்ப்ஸ் போட்டிருந்த ஒன்றை வாங்கினோம். பழசைக் கையில் எடுத்தால் காலி டிபன் பாக்ஸ் கனம். “இதோட கேபிளை மட்டும் வெச்சுக்கலாமா, எக்ஸ்ட்ரா இருக்கட்டும்?” என்றான். பிடுங்கி ஓரமாகப் போட்டேன். எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மாற்றிச் செருகினால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் ஹார்ட் டிஸ்க்கே கருகிவிடும்.