ரிவியேரா: ரயில் கம்பெனி கடன் வாங்கிய கரை

ரிவியேரா என்றதும் நீலக்கடலும் வெள்ளைப் படகும் கண்முன் வந்துவிடும். இத்தாலிய மொழியில் அதற்குப் பொருள் வெறும் 'கரை'தான். தாய்ச்சொல், ஆற்றங்கரையைக் குறிக்கும் லத்தீன் 'ரீப்பா'. ஆங்கில 'ரிவர்' இதற்கு உடன்பிறப்பு.

முதலில் இத்தாலியின் ஜெனோவா நகரை ஒட்டிய கடலோரத்துக்கு இருந்த பெயர், பிறகு பிரான்சின் நீஸ் பக்கமும் பரவியது. அங்கே வடக்கில் ஆல்ப்ஸ் மலை நின்று குளிர்காற்றை மறித்துக்கொள்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் சீமான்கள் குளிர் வந்தால் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போய்விடுவார்கள். இன்று கோடையில் சீசன், அன்று குளிர்காலத்தில். 'குளிருக்கு இதமான' என்ற பொருள் சொல்லில் ஏறியது அப்படித்தான்.

அந்தக் கூட்டத்தின் மேல் கண் வைத்தது கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே என்ற இங்கிலாந்து ரயில் கம்பெனி. 1904-ல் லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து, இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலின் பென்சான்ஸ் ஊருக்கு விட்ட புது ரயிலுக்குப் பெயர் கேட்டுப் பத்திரிகையில் போட்டி வைத்தார்கள். பரிசு மூன்று கினி (அன்றைய பிரிட்டிஷ் பணக் கணக்கு). கடைசியில் நிலைத்த பெயர் 'கார்னிஷ் ரிவியேரா எக்ஸ்பிரஸ்' (கார்னிஷ் என்றால் கார்ன்வாலின்). அதே ஆண்டு வெளியிட்ட விளம்பரப் புத்தகம் கார்ன்வாலை 'நம் தேசத்தின் குளிர்கால ஆரோக்கிய, உல்லாசத் தலம்' என்றது. அடுத்து ஒரு சுவரொட்டி: 'முதலில் உங்கள் சொந்த நாட்டைப் பாருங்கள்'. கார்ன்வால், இத்தாலி வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, வடிவம், தட்பவெப்பம், இயற்கை அழகு மூன்றிலும் இரண்டும் ஒன்றுபோல என்று அடித்துச் சொன்னார்கள். இத்தாலி நீள்வது தென்கிழக்கே, கார்ன்வால் நீள்வது தென்மேற்கே. ஒன்றைக் கண்ணாடியில் காட்டினால்தான் பொருந்தும்! அட்லாண்டிக் நீரோட்டத்தால் கார்ன்வாலில் உறைபனி குறைவு என்பது உண்மை. குளிர்காலம் முழுக்க மழை என்பதும் உண்மை. பென்சான்ஸில் பனைபோல நிற்பவற்றில் பலவும் பனையே இல்லை, நியூசிலாந்திலிருந்து வந்த கார்டிலைன் என்ற வேறு மரம்.

சரி, இந்த ரிவியேராவை மொழிபெயர்த்தால் தமிழில் என்ன சொல்வது? 'கடற்கரை' போதாது, மெரினாவும் கடற்கரைதான். (அதுவும் இத்தாலிய வரவு: கவர்னர் கிராண்ட் டஃப் சிசிலி ஞாபகத்தில் வைத்த பெயர்.) சங்கத் தமிழில் 'கானல்' உண்டு, கடற்கரைச் சோலை என்று பொருள். அழகான சொல், ஆனால் இன்று கானல் என்றால் கானல்நீர்தான் நினைவுக்கு வரும். விளம்பரத்துக்கு அதுவும் பொருத்தம் என்பது வேறு விஷயம்.

என் பரிந்துரை 'இளவெயிற்கரை'. இதம், கடலோரம் இரண்டும் அதில் வந்துவிடுகின்றன. ரயிலின் பெயராக வரும் இடத்தில் மட்டும் 'கார்னிஷ் ரிவியேரா' என்றே விட்டுவிடுங்கள். பாடிங்டனில் அந்தப் பெயரில் வண்டி இன்னும் ஓடுகிறது.