தெளிந்த ஓடையின் அடியில் தங்கியிருக்கும் ஈயம்

கைவிடப்பட்ட சுரங்கத்தின் அருகே ஓடும் ஓடையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பாட்டில் தண்ணீரைத்தான் சோதனைக்குக் கொண்டுவருகிறார்கள். தண்ணீர் தெளிவாக இருக்கும்; ஈயமும் காட்மியமும் குடிநீர் வரம்பைத் தாண்டியிருக்காது. அறிக்கையைப் படித்துவிட்டு நிம்மதியாகத் திரும்பிவிடுகிறார்கள். ஓடைப் படிவுகளைச் சோதிப்பதையே வேலையாகக் கொண்டிருக்கும் எனக்கு அந்த நிம்மதிதான் கவலை தருகிறது. தண்ணீர் அது எடுக்கப்பட்ட நேரத்தின் நிலையை மட்டுமே சொல்லும். அடியில் கிடக்கும் வண்டலோ, சுரங்கம் இயங்கிய காலத்திலிருந்து மேலிருந்து வந்து சேர்ந்த உலோகத்தை இன்னும் வைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

மாதிரி எடுக்கும்போது நாங்கள் நடு ஓட்டத்தில் இறங்கிச் சரளையை அள்ளுவதில்லை. பாறைக்குப் பின்புறமும் வளைவின் உட்பக்கமும் நீரின் வேகம் தணிந்து மென்வண்டல் தங்கும் இடங்களைத் தேடி, மேல்படலத்தைப் பிளாஸ்டிக் கரண்டியால் மெல்லச் சுரண்டி எடுக்கிறோம். பித்தளைச் சல்லடையைத் தொடுவதில்லை, ஏனெனில் அதிலிருந்தே செம்பும் துத்தநாகமும் மாதிரியில் கலந்துவிடும். நைலான் சல்லடையில் அலசி 63 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான துகள்களைப் பிரித்தால், விரலிடையே மாவுபோல் வழுக்கும் ஒரு சேறு கிடைக்கும். களிமண், இரும்பு மற்றும் மாங்கனீசு ஆக்சைடுகள், மக்கிய கரிமப்பொருள் ஆகியவை நிறைந்த இந்தச் சேற்றில்தான் உலோகங்கள் அதிகம் ஒட்டிக்கொள்கின்றன. சுரங்க வாய்க்கு மிக அருகில் மட்டும் இந்த விதியை நம்பிவிடக் கூடாது, அங்கே தாதுத் துகள்களே மணல் பருமனில் கிடக்கும். ஒருமுறை ஓர் ஓடையில் ஒரே இடத்தில் எடுத்த தண்ணீரில் கருவியால் ஈயத்தைக் கண்டறியவே முடியவில்லை. காலடியில் இருந்த வண்டலிலோ, நீரடி உயிரினங்களுக்குத் தீங்கு நேரக்கூடும் என்று நன்னீர்ப் படிவுகளுக்கு வகுத்துள்ள கிலோவுக்கு 128 மில்லிகிராம் என்ற அளவை ஈயம் பல மடங்கு தாண்டியிருந்தது.

இது எப்படி நேர்கிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். பூமிக்கடியில் காற்றுப்படாமல் இருந்த, பைரைட் போன்ற சல்பைடு கனிமங்கள் (உலோகமும் கந்தகமும் சேர்ந்தவை), சுரங்கக் குடைவிலும் கழிவுக் குவியலிலும் காற்றையும் நீரையும் சந்திக்கும்போது கந்தக அமிலம் உருவாகிறது. சில வகை பாக்டீரியாக்கள் அந்த வினையைப் பெருமளவு விரைவுபடுத்துகின்றன. அமில நீர் பாறையிலுள்ள உலோகங்களைக் கரைத்துக்கொண்டு வெளியேறி, கீழே நல்ல நீருள்ள ஓடையில் கலந்ததும் அமிலத்தன்மை குறைகிறது. அப்போது இரும்பு முதலில் செம்மஞ்சள் படிவாக இறங்குகிறது. ஆர்சனிக்கையும் ஈயத்தையும் அது தன்னோடு இழுத்துக்கொள்கிறது. துத்தநாகமும் காட்மியமும் அவ்வளவு எளிதில் இறங்குவதில்லை, கரைந்த நிலையிலேயே வெகுதூரம் பயணிக்கின்றன. ஆகவே கற்களில் செம்மஞ்சள் நிறம் மறைந்த இடத்தோடு மாசும் முடிந்துவிட்டது என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம்.

படிந்த உலோகம் அங்கேயே உறங்கிவிடுவதும் இல்லை. வண்டலில் ஆக்சிஜன் தீர்ந்தால் இரும்பு ஆக்சைடு கரைந்து, அது பிடித்துவைத்திருந்த ஆர்சனிக் மீண்டும் நீருக்குத் திரும்புகிறது. தங்கச் சுரங்கங்களில் பயன்படுத்திய பாதரசம் அத்தகைய சேற்றில் நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசம் என்ற கொடிய நச்சு வடிவமாக மாறி மீன்களில் சேர்கிறது. எல்லாவற்றையும்விட வெள்ளம்தான் அச்சத்துக்குரியது. வேல்ஸ் நாட்டின் பழைய ஈயச் சுரங்கங்கள் மூடப்பட்டு நெடுங்காலம் ஆன பிறகு, 2012 ஜூன் மாத வெள்ளம் உலோகம் ஏறிய வண்டலைக் கரையோர மேய்ச்சல் நிலங்களில் பரப்பியது. அந்தப் புல்லில் தயாரித்த தீவனத்தைத் தின்ற மாடுகள் ஈய நஞ்சால் பாதிக்கப்பட்டன. ஜப்பானின் ஜின்சு ஆற்றில் கமியோகா சுரங்கத்துக் காட்மியம் பாசன நீரோடு நெல்வயல்களில் படிந்து, அரிசி வழியாக மனித உடலை அடைந்தது. சிறுநீரகத்தையும் எலும்பையும் சிதைத்த அந்நோய்க்கு, நோயாளிகள் வலியால் எழுப்பிய "இட்டாய், இட்டாய்" (வலிக்கிறது, வலிக்கிறது) என்ற குரலே பெயராயிற்று. மாசுபாட்டால் வந்த நோய் என்று அந்நாட்டு அரசு அதை 1968இல் அங்கீகரித்தது.

அறிக்கையில் உள்ள எண்ணைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். தாது நிறைந்த மலையில் சுரங்கம் தோண்டுவதற்கு முன்பே உலோக அளவு இயல்பாகக் கூடுதலாக இருந்திருக்கும். எனவே சுரங்கத்துக்கு மேற்புறத்திலோ அதே பாறை அமைப்புள்ள, தோண்டப்படாத கிளை ஓடையிலோ எடுத்த மாதிரியோடு ஒப்பிடாமல் இவ்வளவும் சுரங்கத்தால் வந்தது என்று நான் எழுதுவதில்லை. மொத்த அளவு மட்டும் போதாது என்பதும் என் உறுதியான கருத்து. கனிமப் படிகத்துக்குள் இறுகியிருக்கும் ஈயமும், துகளின் மேற்பரப்பில் தளர்வாக ஒட்டியிருக்கும் ஈயமும் ஒரே எண்ணாக வரலாம், ஆனால் உயிர்களுக்கு அவற்றால் வரும் ஆபத்து ஒன்றல்ல. படிப்படியாகக் கரைத்துப் பிரித்தறியும் சோதனைக்குச் செலவும் நேரமும் கூடுதலாக ஆகும் என்றாலும், மக்கள் வாழும் இடமாக இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இத்தகைய ஓடைகளைத் தூர்வாரும்போது அள்ளிய வண்டலைச் சோதிக்காமல் வயலிலோ வீட்டுத் தோட்டத்திலோ கொட்டாதீர்கள். சிறு குழந்தைகள் கையை வாயில் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள்; ஈயம் அவர்களுடைய மூளை வளர்ச்சியைத்தான் முதலில் தாக்குகிறது, அதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. கரையோரச் சேற்றில் விளையாடியவர்களின் கைகளையும் நகங்களையும் வீட்டுக்குள் வருமுன் கழுவிவிடுங்கள். வெள்ளம் வடிந்த பின் புல்லின்மேல் வண்டல் பூசியிருந்தால் மாடுகளை உடனே அங்கு மேய விட வேண்டாம்.

தண்ணீர் மாதிரியும் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதை நல்ல மழைக்குப் பின், ஓடை கலங்கி ஓடும் நேரத்தில், பாதுகாப்பான கரையில் நின்று, 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டிய ஒன்றும் வடிகட்டாத ஒன்றுமாக எடுங்கள். அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, துகள்களோடு ஒட்டிக்கொண்டு கீழ்நோக்கிப் போகும் உலோகத்தின் அளவைக் காட்டும்.