மதிப்பெண் 60 வந்தால் சர்க்கரை நோயா?

வியாசர்பாடியில் ஒரு மருத்துவ முகாம் என்று வைத்துக்கொள்வோம். நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி கையில் அளவு டேப்போடு நிற்கிறாள். எதிரே நாற்காலியில் 52 வயது அம்மா ஒருவர். மளிகைக் கடைக் கல்லாவில் நாள் முழுக்க உட்காருகிறவர். நடைப்பயிற்சி எல்லாம் கிடையாது. வயது ஐம்பதைத் தாண்டியதற்கு 30, உடலுழைப்பு இல்லாததற்கு 30. இடுப்பைச் சுற்றி டேப்பை வைக்கும் முன்பே, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்கும் முன்பே, கூட்டல் 60ஐ எட்டிவிட்டது. தாளில் 60க்கு நேரே ‘அதிக அபாயம்’ என்று அச்சிட்டிருக்கிறது. எட்டிப் பார்த்த அந்த அம்மா கேட்கிறார்: “அப்போ எனக்கு சுகர் வந்துருச்சாம்மா?”

மாணவிக்கு இந்த மதிப்பெண்ணைப் பற்றித் தெரியும். இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் என்று பெயர். சென்னை மக்களிடம் நடந்த ‘க்யூர்ஸ்’ ஆய்வின் தரவிலிருந்து டாக்டர் வி. மோகன் குழுவினர் உருவாக்கி 2005இல் வெளியிட்டார்கள். வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோரின் நோய் என நான்கே கேள்விகள், மொத்தம் 100. வெட்டுப்புள்ளி 60 என்று வைத்தால் சென்சிட்டிவிட்டி, அதாவது நோய் உள்ளவர்களைப் பிடிக்கும் திறன், 72.5 சதவீதம். ஸ்பெசிஃபிசிட்டி, அதாவது நோய் இல்லாதவர்களை ‘இல்லை’ என்று சொல்லும் திறன், 60.1 சதவீதம். தேர்வுக்கு மனப்பாடம் செய்த எண்கள். அதனால் அவள் வாயில் வரக்கூடிய பதில்: “எழுபத்திரண்டு சதவீதம் வாய்ப்பு இருக்குங்கம்மா.”

தப்பு. சரியான விடை 17 சதவீதம்.

பயோஸ்டாடிஸ்டிக்ஸில், அதாவது மருத்துவப் புள்ளியியலில், ஒரே ஒரு கணக்கைத்தான் சொல்லிக்கொடுக்க நேரமிருக்கிறது என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். 72.5 என்பது சர்க்கரை நோய் உள்ளவர்களை மட்டும் ஒரு வரிசையில் நிறுத்தி, அவர்களில் எத்தனை பேருக்கு 60ஓ அதற்கு மேலோ வருகிறது என்று எண்ணியது. அந்த அம்மா கேட்டதோ தலைகீழான கேள்வி: 60 வந்தவர்களை வரிசையில் நிறுத்தினால் எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது? இரண்டும் வேறு வேறு வரிசைகள்.

சூத்திரம் எதுவும் வேண்டாம், ஆயிரம் பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் நூறு பேருக்கு, தங்களுக்கே தெரியாமல், சர்க்கரை நோய் இருக்கிறது என்று வையுங்கள். ஆய்வில் வந்த விகிதமும் ஏறக்குறைய அவ்வளவுதான். நூறில் 73 பேரை மதிப்பெண் பிடித்துவிடும். 27 பேரைத் தவறவிடும். மிச்சமுள்ள 900 பேருக்கு நோய் இல்லை. ஸ்பெசிஃபிசிட்டி 60.1 என்பதால் அவர்களில் 541 பேரைச் சரியாக ‘இல்லை’ என்று அனுப்பிவைக்கும். 359 பேரைக் காரணமில்லாமல் பயமுறுத்தும். ஆகவே 60ஐ எட்டியவர்கள் 73ம் 359ம் சேர்ந்து 432 பேர். அதில் உண்மையான நோயாளிகள் 73. வகுத்தால் 17 சதவீதம்.

அப்படியானால் இந்த மதிப்பெண் உதவாக்கரையா? அடுத்த வரிசையையும் பாருங்கள். 60க்குக் கீழே வந்த 568 பேரில் 541 பேருக்கு நோய் இல்லை, 95 சதவீதம். ஆயிரம் பேருக்கும் ரத்தப் பரிசோதனை செய்வதற்குப் பதில் 432 பேருக்குச் செய்தால், நோயாளிகளில் நான்கில் மூன்று பங்கு பேர் அகப்பட்டுவிடுகிறார்கள். செலவு டேப்பும் தாளும்தான். வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ போன்ற ஒரு திட்டத்துக்கு இப்படி முதலில் சலித்தெடுப்பது எவ்வளவு பெரிய மிச்சம் என்று யோசித்துப் பார்க்கலாம். முடிவு சொல்லும் வேலையை ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொள்ளும். அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதும் அதுதான்: “இதை வெச்சு சுகர் இருக்குன்னு சொல்ல முடியாதுங்கம்மா. உங்களை மாதிரி மார்க் வந்தவங்க ஆறு பேர்ல ஒருத்தருக்கு இருக்கும். நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வந்து ரத்தம் குடுத்துட்டுப் போயிடுங்க.”

இதே தாளை இடம் மாற்றிப் பார்ப்பதுதான் பாடத்தின் சுவையான பகுதி. சந்தேகத்தோடு டாக்டரைத் தேடி வந்தவர்கள் நிறைந்த, பாதிப் பேருக்கு நோயிருக்கும் ஒரு கூட்டத்தில் இதைப் பயன்படுத்தினால், 500 நோயாளிகளில் 363 பேரும் நோயில்லாத 500 பேரில் 200 பேரும் 60ஐ எட்டுவார்கள். இப்போது ‘அதிக அபாயம்’ என்பது 64 சதவீதம். துரைப்பாக்கத்து ஐடி அலுவலகம் ஒன்றில், நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான் நோய் என்றால், அது 5 சதவீதமாகச் சரிந்துவிடும். கேள்விகளும் மாறவில்லை, டேப்பும் மாறவில்லை. யாரிடம் கேட்கிறோம் என்பதுதான் மாறியது.

கடைசிக் கணக்கில் ஒரு சின்னக் கள்ளத்தனம் இருக்கிறது. முப்பத்தைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வயதுக்கான மதிப்பெண் பூஜ்யம். இளைஞர்கள் நிறைந்த அலுவலகத்தில் வீணாகப் பயமுறுத்தப்படுகிறவர்கள் குறைவார்கள். அதாவது ஸ்பெசிஃபிசிட்டியே கூடிவிடும். சென்சிட்டிவிட்டியும் ஸ்பெசிஃபிசிட்டியும் பரிசோதனையோடு பிறந்த குணங்கள், இடத்துக்கு இடம் மாறாது என்று பாடநூல்கள் சொல்வதை முழுசாக நம்பிவிட வேண்டாம்.

நிகழ்தகவு என்றதும் பகடையையும் கலர் பந்துகளையும் காட்டுவது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. மருத்துவம் படிக்க வந்த பிள்ளைக்குப் பகடையால் என்ன பயன்? அதுவும் சென்னையில், உலகம் முழுக்கப் படிக்கப்பட்ட எண்கள் ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் உருவாகியிருக்கும்போது.

சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் காசநோய் என்றால் சானடோரியம்தான். தாம்பரத்துக்கு முந்தைய மின்ரயில் நிலையத்துக்குப் பெயர் கொடுத்ததே அப்படி ஒரு மருத்துவமனை. நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைகள் எட்டவே எட்டாது. வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதுமா என்று பார்க்க, 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஓராண்டு முடிவில் வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கும் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது.

தீசிஸ் சமர்ப்பிக்கப் பத்து நாள் இருக்கும்போது எக்செல் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்டாடிஸ்டிஷியனிடம் “சார், பி மதிப்பு மட்டும் போட்டுக் குடுங்க” என்று நிற்கிற முதுகலை மாணவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. பி மதிப்பு என்பது வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கக்கூடுமா என்று எடைபோடும் எண். அவர்கள் கையில் இந்தக் காசநோய் ஆய்வின் எண்களைக் கொடுத்தால் ‘குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை, ஆகவே இரண்டும் சமம்’ என்று எழுதிவிடுவார்கள். ‘ஆகவே’ என்ற இடத்தில்தான் சறுக்கல். ஒரு பக்கத்துக்கு நூறு பேர்கூட இல்லாத ஆய்வில், 6 புள்ளி வித்தியாசத்தைச் சுற்றிப் போடும் நம்பக இடைவெளி, அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை, பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும், 15 வரைக்கும் போகும். சானடோரியம் 15 புள்ளி மேல் என்றாலும் இந்த எண்கள் மறுக்காது. ஆனால் எண்ணுக்கு வெளியிலும் ஆதாரம் இருந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டம் எல்லாம் கிடைத்தன. மற்றவர்கள் நெருக்கடியான வீடுகளில் பற்றாக்குறைச் சாப்பாட்டோடு இருந்தும் இவ்வளவு பக்கத்தில் வந்திருந்தார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றியதாகவும் தெரியவில்லை. இவையெல்லாம் சேர்ந்துதான் உலக நாடுகளின் காசநோய்ச் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்தன.

ஆள் குறைவு என்பதுதான் சிக்கலா, ஆளைக் கூட்டினால் இடைவெளி சுருங்கிவிடுமா? அதற்கும் பக்கத்திலேயே ஒரு விடை இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய, காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியின் ஆய்வு. 2,81,161 பேருக்குக் குலுக்கல் முறையில் பிசிஜியோ வெற்று ஊசியோ போடப்பட்டது. பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1999இல் வெளியானது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. குழந்தைகளுக்கு 27 சதவீதப் பாதுகாப்பு. அதன் 95 சதவீத நம்பக இடைவெளி −8 முதல் 50 வரை.

அந்த எதிர்க்குறியைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். 27 என்றால், ஊசி போடாத பக்கத்தில் 100 குழந்தைகளுக்கு நோய் வரும்போது போட்ட பக்கத்தில் 73 பேருக்கு வந்தது. தற்செயலின் விளையாட்டைக் கணக்கில் சேர்த்தால், அந்த 73 உண்மையில் 50 ஆகவும் இருக்கலாம், 108 ஆகவும் இருக்கலாம் என்கிறது இடைவெளி. பாதியாகக் குறைக்கும் ஊசியா, ஒன்றுமே செய்யாத ஊசியா என்று தரவு தீர்த்துச் சொல்லவில்லை.

இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்த பிறகுமா இவ்வளவு அகலம் என்று கேட்கத் தோன்றும். இடைவெளியின் அகலத்தைத் தீர்மானிப்பது ஊசி போட்டவர்களின் எண்ணிக்கை அல்ல, நோய் வந்தவர்களின் எண்ணிக்கை. குழந்தைகளில் நோய் வந்தவர்கள் சிலர்தான். ஒரு பக்கத்தில் பத்துப் பேர் கூடினாலோ குறைந்தாலோ விகிதம் ஆடிப்போகும்.

சரி, பலன் தெளிவாகத் தெரியாத ஊசியை எழும்பூர் அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு இன்றும் ஏன் போடுகிறார்கள்? செங்கல்பட்டில் எண்ணியது சளியில் கிருமி தெரியும் நுரையீரல் காசநோயை. பச்சிளங்குழந்தைகளைக் கொல்வது பெரும்பாலும் அது அல்ல. மூளை உறையைத் தாக்கும் காசநோயும், ரத்தம் வழியே உடல் முழுக்கப் பரவும் வகையும். அவற்றிலிருந்து பிசிஜி நன்றாகவே காக்கிறது என்பதற்கு வேறு ஆய்வுகளில் வலுவான சான்று உண்டு.