மலை அணைக்கு ஓதம் கிடையாது

அந்தக் காகிதம் தூண்டில் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டப்பட்டிருந்தது. பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள். நனையாமல் இருக்க மேலே அகலமான செல்லோ டேப். நீல மையில் நான்கு கட்டங்கள்: சந்திரோதயம், ஓதம் (கடல்நீர் மட்டம்) ஏறும் நேரம், ஓதம் இறங்கும் நேரம், மீன் கடிக்கும் நேரம். கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தது: "மாலை 5.40 இறக்கம். நடுத்திட்டுக்குப் போகலாம்."

அதை எழுதிய இளைஞரைத்தான் மறுநாள் காலை எட்டரை மணிக்கு, மின் நிலையத்துக்குக் கீழே ஓடையின் இரண்டாவது வளைவில், கொக்கிகள் கோத்த பாதாளக் கொலுசு போட்டு நாங்கள் வெளியே எடுத்தோம். கூட வந்த மூவரும் ஒரு பாறை மேல் ஏறி இரவெல்லாம் நடுங்கியபடி உட்கார்ந்திருந்தார்கள்.

தீயணைப்பு மற்றும் மீட்புப் பணியில் எனக்கு இருபது வருடங்கள் கடந்துவிட்டன. அதில் பெரும்பகுதி நீலகிரியில். அணையிலும் ஓடையிலும் இறந்தவர்களைப் பற்றி ஊரில் முதலில் கேட்கும் கேள்வி, "குடித்திருந்தார்களா?" என்பதுதான். இவர்கள் குடிக்கவில்லை. ஒரு வாரம் முன்பே பௌர்ணமி பார்த்து, நேரம் குறித்து, மழை இருக்கிறதா என்று கைப்பேசியில் பார்த்து, மாற்று உடையோடு வந்தவர்கள். கவனமான பிள்ளைகள். கவனமாகத் தவறான அட்டவணையைப் பார்த்தார்கள். ஓத நேரம் பார்த்துவிட்டு மலை நீரில் இறங்கியவர்களுக்காக இந்த வருடத்தில் எங்களுக்கு வந்த மூன்றாவது அழைப்பு இது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இந்த ஓதத்தை முடித்துவிடுகிறேன்.

மலை அணையில் ஓதம் கிடையாது. எமரால்டில் கிடையாது, அவலாஞ்சியில் கிடையாது, பைக்காராவில் கிடையாது, ஊட்டி ஏரியில் கிடையாது. பௌர்ணமிக்கு அணை பொங்காது, அமாவாசைக்கு வற்றாது. கைப்பேசிச் செயலி உங்களுக்கு ஓத நேரம் காட்டுகிறதே என்று கேட்பீர்கள். நீங்கள் எங்கே நின்று கேட்டாலும், பக்கத்தில் இருக்கும் துறைமுகத்தின் நேரத்தை எடுத்துத் தருவதுதான் அதன் வேலை. ஊட்டியில் நின்று கேட்டால் நூறு கிலோமீட்டர் தள்ளி மேற்குக் கடற்கரையில் உள்ள ஏதோ ஒரு துறைமுகத்தின் ஏற்றமும் வற்றமும் வரும். நீங்கள் நிற்பது கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேலே என்பது அதற்குத் தெரியாது.

நிலா தண்ணீரை இழுக்கிறது, அணையிலும் தண்ணீர்தானே இருக்கிறது என்று படித்தவர்களே என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். நிலா தண்ணீரை மட்டும் தேடிப் பிடித்து இழுப்பதில்லை. அணையை, கரையை, மலையை, மலைமேல் நிற்கும் உங்களை, எல்லாவற்றையும் சேர்த்தே இழுக்கிறது. கடலில் மட்டம் ஏறி இறங்குவதற்குக் காரணம், கடல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலம் என்பது. நிலாவுக்கு அருகில் இருக்கும் பக்கத்தில் இழுப்பு கொஞ்சம் கூடுதல், தொலைவில் இருக்கும் பக்கத்தில் கொஞ்சம் குறைவு. அந்த வித்தியாசத்தில்தான் கடல்நீர் ஓரிடத்தில் குவிந்து இன்னோரிடத்தில் குறைகிறது. சில கிலோமீட்டர் நீளமுள்ள அணையில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் என்ன வித்தியாசம் இருக்க முடியும்? வட அமெரிக்காவின் பேரேரிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ளவை. அவற்றிலேயே நிலாவால் ஏறி இறங்கும் மட்டம் 5 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. நம் அணையில் அதை அளக்கக் கருவியைத் தேட வேண்டும்.

என் மனைவியின் ஊர் தூத்துக்குடிப் பக்கம். அங்கே கடலோரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அமாவாசையும் பௌர்ணமியும் வந்தால் ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும், அட்டமியை ஒட்டி அது அடங்கும், ஒவ்வொரு நாளும் ஏற்றம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும் என்பதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரியும். அது கடலுக்குச் சரியான அறிவு. தலைமுறைகள் சேர்த்த அறிவு. அதை அப்படியே பெட்டியில் கட்டி மேட்டுப்பாளையத்துக்கு மேலே கொண்டுவராதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

நிலா பார்த்தால் மீன் நன்றாகக் கடிக்கும் என்பது வேறு பேச்சு. ஜான் ஆல்டன் நைட் என்ற அமெரிக்கர் 1926-இல் தொடங்கி வைத்த கணக்கு அது: நிலா உச்சிக்கு வரும்போதும் காலடிக்குக் கீழே போகும்போதும் மீன் இரை எடுக்கும் என்பார்கள். கெண்டை கடிக்கிறதோ இல்லையோ, அதைப் பற்றி எனக்கு வாதமில்லை. இரை எடுக்கும் நேரத்தையும் நீர் இறங்கும் நேரத்தையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, இரண்டையும் ஒரே அளவுக்கு நம்புவதுதான் ஆளைக் கொல்கிறது.

இந்த மலையில் நீர் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் காரணங்கள் இரண்டு. மின்சாரம், மழை.

1932-இல் பைக்காரா மின் நிலையம் ஓடத் தொடங்கியதிலிருந்து இந்த மாவட்டத்தின் ஆறுகள் பாதி இயற்கையும் பாதி இயந்திரமும்தான். அப்பர் பவானியின் நீர் அவலாஞ்சிக்கு வருகிறது. அவலாஞ்சியும் எமரால்டும் சேர்ந்த நீர் குந்தாவுக்கு இறங்குகிறது. அங்கிருந்து கெத்தை, பரளி, பில்லூர் என்று படிப்படியாகக் கீழே போகிறது. ஒவ்வொரு படியிலும் சுழலி. அனல் மின் நிலையத்தை எழுப்ப மணிக்கணக்காகும். நீர்மின் நிலையம் சில நிமிடங்களில் முழு வேகத்துக்கு வந்துவிடும். ஆகவே மின்தேவை உச்சத்துக்குப் போகும் நேரத்துக்காகவே அதை வைத்திருக்கிறார்கள். உச்சம் எப்போது? காலையில் ஊர் எழும்பும்போது. மாலை ஆறு மணிக்கு ஊரெல்லாம் விளக்குப் போடும்போது.

மீன் நன்றாகக் கடிப்பதும் விடியலிலும் அந்தியிலும்தான். நீங்கள் தூண்டில் போடும் நேரமும், சமவெளியில் கோடிப் பேர் ஸ்விட்ச் போடும் நேரமும் ஒன்று. தயவுசெய்து இந்த ஒரு வரியையாவது மனத்தில் வையுங்கள். மாலை 5.40-க்குக் கணுக்கால் அளவு ஓடிய ஓடையில் ஆறே கால் மணிக்கு இடுப்பளவு நீர் வரலாம். வானத்தில் ஒரு மேகம்கூட இருக்காது. கீழே மேட்டுப்பாளையத்தில் பவானியில் குளிக்க இறங்குபவர்களுக்கும் இதுதான் நடக்கிறது. மேலே பில்லூரில் நீர் திறந்தது கீழே மணலில் விளையாடிக்கொண்டிருப்பவருக்கு எப்படித் தெரியும்?

போர்த்திமந்து அணைக்கும் அவலாஞ்சி, எமரால்டு அணைகளுக்கும் இடையே அமையும் 500 மெகாவாட் நீரேற்று மின் திட்டம் முழுதாக ஓடும் நாளில், அங்கே நீர் மேலே ஏற்றப்படுவதும் கீழே விடப்படுவதும் அன்றாட வேலையாகும். கரையோரம் இதுவரை பார்த்துப் பழகிய மட்டத்தை நம்பி யாரும் நிற்க முடியாது. இதைப் பக்கத்து ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) இப்போதிருந்தே சொல்லி வருகிறேன்.

மின் நிலையத்துக்கும் அணைக்கும் கீழே உள்ள ஓடையில் தூண்டில் போடவே போடாதீர்கள். எந்த நேரத்திலும். சைரன் ஒலித்தால் பெட்டியை எடுக்கத் திரும்பாதீர்கள், தூண்டில் கழியை மடக்கிக்கொண்டு நிற்காதீர்கள். சைரன் கேட்காத வளைவுகளும் உண்டு. ஓடையின் ஓசை மாறினால், தெளிந்த நீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வந்தால், அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. ஓடையை ஒட்டிக் கீழ்நோக்கி ஓடக் கூடாது. பக்கவாட்டில் மேட்டில் ஏற வேண்டும்.

மழைக்கு வருகிறேன். "ஊட்டியில் மழை இல்லை என்றுதான் சார் காட்டியது" என்று சொல்லாதவர் இல்லை. ஊட்டி நகரத்தின் வானிலை அவலாஞ்சியின் வானிலை அல்ல. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையின் முழு அடியையும் வாங்குவது மேற்கு விளிம்புதான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த வாரம் எங்கள் ஆட்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஊட்டியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே முக்குருத்திப் பக்கம் வானம் கிழிந்து கொட்டும். அந்த நீர் நீங்கள் நிற்கும் ஓடைக்கு வர அதிக நேரம் ஆகாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கதை தலைகீழ்: அப்போது குன்னூரும் கோத்தகிரியும் நனையும். ஆகவே ஊட்டி என்று போட்டுப் பார்க்காதீர்கள். நீங்கள் நிற்கப்போகும் இடத்துக்கு மேலே உள்ள முகட்டில் என்ன நிலவரம் என்று கேளுங்கள். பக்கத்து ஹட்டியில் கேரட் கழுவிக்கொண்டிருப்பவரிடம் கேட்டால் மேற்கே ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவார். நான் பார்த்தவரை அவர் கணிப்பு அதிகம் தவறியதில்லை.

ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்குமேல் இடி மின்னல். இப்போது எல்லோர் கையிலும் இருப்பது கார்பன் கழி. அது மின்சாரத்தைக் கடத்தும். மரமில்லாத புல்வெளிக் கரையில் நீர் ஓரமாக அதைத் தூக்கிப் பிடித்து நிற்பவர்தான் அந்த இடத்திலேயே உயரமான பொருள். மின்னலைப் பார்த்து முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் கழியைக் கீழே போட்டுவிட்டு வண்டிக்குள் போய் உட்காருங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வராதீர்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கூடாரம் இடியைத் தடுக்காது.

பௌர்ணமி இரவை விரும்புபவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிலா பளிச்சென்று தெரியும் இரவு என்றால் வானில் மேகம் இல்லை. மேகம் இல்லாத மலை இரவுதான் அதிகம் குளிரும். டிசம்பர், ஜனவரியில் பள்ளத்துப் புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும். அணைக்கரை எப்போதும் பள்ளத்தில்தான் இருக்கிறது. அந்த நிலா வெளிச்சத்தில் நீர் குடிக்கக் காட்டெருமையும் வரும்.

கரையைப் பற்றி ஒரு வார்த்தை. நீர் இறங்கிய அணையின் கரை, வெடித்த களிமண்ணாக, காய்ந்த தரைபோலக் கிடக்கும். மேல் ஓடு இரண்டு விரல் கனம். அதன் கீழே சேறு. ஒரு கால் தொடைவரை போனதும், அதை இழுக்க இன்னொரு காலை ஊன்றுவார்கள், அதுவும் போகும். அப்படிச் சிக்கியவரை நாங்கள் ஏணியைப் படுக்கப் போட்டு, அதன் மேல் தவழ்ந்து போய் எடுத்திருக்கிறோம். அவர் காலணி இன்னும் அங்கேதான் இருக்கிறது. சிக்கினால் இழுக்காதீர்கள். பின்பக்கமாகச் சாய்ந்து படுங்கள், உடல் எடையைப் பரப்புங்கள், கத்துங்கள்.

நீச்சல் தெரியும் என்று சொல்லாதீர்கள். கிணற்றிலும் வாய்க்காலிலும் பழகிய நீச்சல் இந்தக் குளிருக்கு உதவாது. தவறி விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு தானாக இறைக்கும். அப்போது வாய்க்குள் நீர் போனால் அதோடு முடிந்தது. நீந்தாதீர்கள், மூச்சு சீராகும்வரை மல்லாந்து மிதங்கள், பிறகு கரையைப் பாருங்கள். அடுத்த சில நிமிடங்களில் விரல் மரத்துப்போகும். கயிற்றைக் கொடுத்தாலும் பிடிக்க வராது. லைஃப் ஜாக்கெட் கூச்சப்படும் பொருள் இல்லை. பரிசலில் ஏறும்போது மட்டுமல்ல, கரையில் நிற்கும்போதும் போடுங்கள்.

ஒருவர் விழுந்தால் இன்னொருவர் குதிக்காதீர்கள். கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். ஒரே குடும்பத்தில் இரண்டு பேரை அடுத்தடுத்து எடுத்து வரிசையாகப் படுக்கவைத்த கைகள் இவை. கயிறு எறியுங்கள், காலி குடம் எறியுங்கள், மூடி இறுக்கிய தண்ணீர் கேனை எறியுங்கள். கழியை நீட்டுவதானால் கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு நீட்டுங்கள்.

அனுமதி இல்லாத அணைப்பகுதிக்கும் காப்புக்காட்டுக்கும் போகாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமல் போனால் தாமதமாகத்தான் தேடுவோம். கொடைக்கானல் பக்கம் பேரிஜம், மன்னவனூர் என்று போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். வீட்டில் ஒருவரிடம் எந்த அணை, எந்தக் கரை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஓத நேரம் எழுதிய அந்தத் தாளில் அதற்கும் இடம் இருந்தது. அன்று மூவரும் பாறையில் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரிந்ததே காலை ஆறு மணிக்கு, மாடு ஓட்டிவந்த ஒருவர் நடந்து போய் சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து அழைத்த பிறகுதான்.

101 அல்லது 112. அழைக்கும்போது "டேம் பக்கம்" என்று சொல்லாதீர்கள், இந்த மாவட்டத்தில் டேம் பல இருக்கின்றன. அணையின் பெயர், அதற்கு மேலேயா கீழேயா, பக்கத்து ஹட்டியின் பெயர், கடைசியாகக் கடந்த செக்போஸ்ட், வண்டியை நிறுத்திய இடம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். ஒருவரைத் தார் ரோட்டுக்கு அனுப்பி டார்ச்சோடு நிற்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் மேட்டில் ஒன்றாக இருங்கள்.