காய்ந்து கிடக்கும் அணையை யார் பார்ப்பது?

அணை ஆய்வு என் வேலை என்று சொன்னால், பெரிய ஷட்டர்களும் கண்காணிப்பு அறையும் உள்ள இடம் என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். நான் போவது பெரும்பாலும் வேறு வகைக்கு. எட்டுப் பத்து மீட்டர் உயரத்தில் ஒரு மண்கரை, அதன் அடியில் ஒரு குழாய், ஓரத்தில் உபரி நீர் வழியும் கலிங்கு. அவ்வளவுதான். வெள்ளம் வந்தால் அதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்து, குழாய் வழியாக மெல்ல விடுவதற்காகக் கட்டியது. மற்ற நாட்களில் உள்ளே புல்தான் இருக்கும். மாடு மேயும், பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள்.

இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்யும். 1913 வெள்ளத்துக்குப் பிறகு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் நகரைக் காக்க இப்படி ஐந்து அணைகள் கட்டினார்கள். அவற்றில் கதவே கிடையாது, திறந்த வாய்கள்தான். நூறு வருஷம் கழித்தும் ஓடுகின்றன, காரணம் அவற்றைப் பராமரிக்கத் தனி அமைப்பும் அதற்கென்று வருமானமும் இருப்பது.

பராமரிப்பு இல்லாத இடத்தில் நிலைமை வேறு. குடிநீர், பாசன அணைகளில் எப்போதும் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்பதால் கசிவு இருந்தால் தெரிந்துவிடும், யாராவது சொல்லிவிடுவார்கள். வெள்ளத் தடுப்பு அணை பத்து வருஷம் வெயிலில் காயும். களிமண் வெடிக்கும், வெடிப்பின் மேல் புல் மூடும். அப்புறம் ஒரே ராத்திரியில் கலிங்கு மட்டம் வரை நிரம்பும். அதாவது ஒவ்வொரு பெருவெள்ளமும் அந்தக் கரைக்கு ஏறக்குறைய முதல் நிரப்பு மாதிரி, புதிதாகக் கட்டிய அணை முதன்முறை நிரம்புவதுபோல. முதல் நிரப்பு என்றால் எங்கள் துறையில் கொஞ்சம் பயத்தோடுதான் பேசுவோம். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணை 93 மீட்டர் உயரம். 1976 ஜூனில் முதன்முறையாக நிரம்பிக்கொண்டிருந்தபோதே உடைந்தது. காலையில் கலங்கலான கசிவைப் பார்த்தார்கள், நண்பகலுக்கு முன் அணை இல்லை.

சின்ன அணைதானே என்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. 15 மீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் 'பெரிய அணை' என்பது பன்னாட்டு வரையறை. 5 முதல் 15 மீட்டர் வரை உள்ளதும் நீர்க்கொள்ளளவு 30 லட்சம் கன மீட்டரைத் தாண்டினால் அதில் சேரும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1977 நவம்பரில் உடைந்த கெல்லி பார்ன்ஸ் அணை சுமார் 12 மீட்டர்தான். நள்ளிரவு தாண்டிய நேரம், கீழே ஒரு கல்லூரி வளாகம். 39 பேர் இறந்தார்கள்.

லிபியாவின் தெர்னா நகருக்கு மேலே இருந்த இரண்டு அணைகளும் வெள்ளத்தைத் தடுக்க 1970களில் கட்டியவை. 1998இலேயே விரிசல்கள் பற்றிய பேச்சு வந்துவிட்டது. 2023 செப்டம்பர் 10 இரவு புயல் மழையில் இரண்டும் போயின, ஆயிரக்கணக்கான உயிர்களும் போயின. எத்தனையோ வருஷம் பெரும்பாலும் வறண்டு கிடந்த பள்ளத்தாக்கு அது.

சரி, கரையில் நான் எதைப் பார்க்கிறேன்?

முதலில் குழாயை. மேலே நின்று கரையின் அழகைப் பார்ப்பதைவிட, கீழே இறங்கிக் குழாய் வாயில் குனிந்து பார்ப்பது பத்து மடங்கு பயன். குழாய்க்குள் மெல்லிய மண் படிந்திருக்கிறதா? அது எங்கிருந்து வந்தது? உள்பக்க வண்டலாக இருந்தால் பரவாயில்லை. கரையின் மண் நிறத்திலேயே இருந்தால், குழாயின் ஏதோ ஒரு இணைப்பு திறந்துகொண்டு கரையை உள்ளே இழுக்கிறது என்று அர்த்தம். உடனே மேலே ஏறி, குழாய் போகும் நேர்கோட்டில் கரையின் மேல் நடப்பேன். கால் அமுங்கும் பள்ளம், தட்டு அளவு இருந்தாலும் போதும், அது குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் அன்றைக்கே எழுத்தில் போகும். 'மழையில் மண் இறங்கியிருக்கும், ஒரு வண்டி மண் போட்டு மூடிவிடலாம்' என்பார்கள். மூடலாம், அடுத்த மழையில் அதே இடம் இறங்கும். நெளிதகட்டு இரும்புக் குழாய் போட்ட பழைய அணைகளில் இது இன்னும் மோசம். துரு அடிப்பாகத்தில்தான் தொடங்கும், அதனால் வெளியிலிருந்து பார்த்தால் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். உள்ளே கேமரா விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து வெளிச்சரிவின் அடிவாரம். கோடையில் எல்லாப் புல்லும் காய்ந்திருக்கும்போது ஓரிடத்தில் மட்டும் பச்சையாக, நாணல் முளைத்து இருந்தால் அடியில் ஈரம் இருக்கிறது. தண்ணீர் நிற்கும் நாட்களில் கசிவு வந்தால் ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்து வைத்துப் பாருங்கள். தெளிவாக, ஒரே அளவில் வந்தால் பதிவு செய்து கவனித்தால் போதும். அடியில் மண் படிந்தாலோ, நேற்றைவிட இன்று அதிகமாக வந்தாலோ, கரை உள்ளுக்குள் கரைகிறது. அதை வெளியிலிருந்து சிமெண்டும் களிமண்ணும் வைத்து அடைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது ஆபத்து. வெளியேற வழியில்லாத தண்ணீர் வேறு பலவீனமான இடத்தைத் தேடும். மணலை முதலில் பரப்பி, அதன் மேல் ஜல்லி போட்டு, தண்ணீரை விட்டுவிட்டு மண்ணை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். அதையும் பொறியாளர் சொல்லும் அளவில்.

மரங்கள் விஷயத்தில் ஊரில் யாருக்கும் என்னைப் பிடிக்காது. கரைமேல் நிழல் தரும் மரத்தை வெட்டச் சொல்பவனை யாருக்குப் பிடிக்கும்? ஆனால் வேர் செத்து மட்கினால் அது கரைக்குள் ஒரு குழாய். காற்றில் மரம் சாய்ந்தால் வேரோடு ஒரு வண்டி மண்ணும் வரும். செடியாக இருக்கும்போதே பிடுங்குங்கள். பெரிய மரமாகிவிட்டால் மேலே வெட்டிவிட்டு வேரை உள்ளேயே விடக் கூடாது. முறைப்படி தோண்டி, அடுக்கடுக்காக மண் போட்டு இறுக்க வேண்டும்.

எலி, நண்டு வளைகளும் அப்படித்தான். மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்தில் 2019 ஜூலையில் திவாரே அணை உடைந்து சுமார் 20 பேர் இறந்தார்கள். கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். நண்டுகள்தான் காரணம் என்றார் ஒரு அமைச்சர். நண்டு வளை தோண்டும்தான், மறுக்கவில்லை. வளை தோண்டியதைப் பார்க்க ஆள் போகாதது நண்டின் குற்றமா என்ன?

கலிங்குதான் கடைசி உயிர்க்காப்பு, அதிகம் துஷ்பிரயோகம் ஆவதும் அதுவே. குறுக்கே வேலி போடுவார்கள், கட்டட இடிபாடு கொட்டுவார்கள். கொஞ்சம் தண்ணீர் சேரட்டும் என்று மணல் மூட்டை அடுக்குவார்கள். பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணையில், வளர்த்த மீன் போய்விடாமல் இருக்கக் கலிங்கில் வலை கட்டியிருந்தார்கள். அடியில் இருந்த வெளியேற்றுக் குழாய்களை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. வண்டி போகக் கரையின் உயரத்தையும் குறைத்திருந்தார்கள். 1889 மே 31 மழையில் வலையில் குப்பை அடைத்தது, தண்ணீர் கரைமேல் ஏறியது. கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரில் 2,200க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மண்கரைமேல் தண்ணீர் வழிய ஆரம்பித்துவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை.

அணை மாறாமலேயே ஆபத்து மட்டும் கூடுவதும் உண்டு. அமெரிக்காவில் கிராமப்புற நீர்ப்பிடிப்புத் திட்டங்களில் கட்டிய 11,000க்கும் மேற்பட்ட சிறு அணைகளில் பலவற்றை 50 ஆண்டு ஆயுள் என்று கணக்கிட்டார்கள். காக்க வேண்டியது வயல்தான் என்று வடிவமைத்தார்கள். இப்போது பல இடங்களில் கீழே வீடுகள் நிற்கின்றன. கரை பழையது, கலிங்கு பழைய அளவு. அணை இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அந்த வீடுகளே வந்தன என்று எனக்குத் தோன்றும்.

ஆகவே உங்கள் ஊருக்கு மேலே இப்படி ஒன்று இருந்தால், அது யார் பொறுப்பு, கடைசியாக எப்போது ஆய்வு செய்தார்கள், அறிக்கையில் என்ன எழுதினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அவசரகாலத் திட்டம் இருந்தால் அதில் உள்ள தொலைபேசி எண்களை ஒருமுறை அழைத்துப் பாருங்கள். பணி மாறிப்போனவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று பாதி எண் செல்லாமல் இருக்கும்.

மழை நாளில் கசிவு கலங்கலாகிவிட்டால், அல்லது தண்ணீர் கரை உச்சியை நெருங்கிவிட்டால், முதல் அழைப்பு அணைக்குக் கீழே முதலில் இருக்கும் வீட்டுக்கு. அடுத்தது அவசர சேவைக்கு. அணைக்குப் பொறுப்பான அலுவலகம் மூன்றாவது. கரைமேல் நின்று வீடியோ எடுக்காதீர்கள்.