கிணற்று மோட்டர் தோற்கும் ஆழத்திலிருந்து கல் எப்படி மேலே வரும்?

உப்புவெளியிலிருந்து ஓர் உயர்தர மாணவி கேட்டிருக்கிறார்: "எங்கள் கிணற்றில் தண்ணீர் இருபத்தைந்து அடிக்குக் கீழே இறங்கினாலே மேலே வைத்த மோட்டர் இழுக்காது. பிறகு எப்படி ஐந்து கிலோமீற்றர் ஆழத்தில் கிடக்கும் மங்கனீசுக் கல்லைக் குழாய் போட்டு எடுக்கப் போகிறார்கள்?" நல்ல கேள்வி. பௌதிகத்தைக் கரைத்துக் குடித்தவர்களும் சறுக்குகிற இடம் இது.

முதலில் கல்லைப் பற்றிக் கொஞ்சம். ஆழ்கடல் தரையில் உதிரியாகக் கிடக்கும் கறுப்பு உருண்டைகள், பெரும்பாலும் சில சென்ரிமீற்றர் அகலம். ஒரு சுறாப்பல்லோ கற்துண்டோ நடுவில் இருக்க, மங்கனீசும் இரும்பும் அதைச் சுற்றிப் படை படையாகப் படியும். பத்து இலட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர், அவ்வளவுதான் வளர்ச்சி. நிக்கல், செப்பு, கோபால்ற் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருப்பதால் பற்றரி செய்பவர்களுக்கு இதில் ஒரு கண்.

எங்கள் திருகோணமலைக் கடலில் கிடைக்குமா என்றால், கிடைக்காது. கோணேசர் கோயில் பாறையில் உள்ள பிளவான இராவணன் வெட்டுக்குக் கீழே என்னென்னவோ புதைந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் கேட்டுவிட்டு நகருங்கள். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டும் வண்டல் வங்காள விரிகுடாவின் தரை முழுக்கப் பரவி, எங்களையும் தாண்டித் தெற்கே போகிறது. இவ்வளவு மெதுவாக வளரும் கல், வளர முன்னரே அதில் புதைந்துவிடும். இந்து சமுத்திரத்தில் இந்தக் கற்கள் குவிந்திருப்பது பூமத்தியரேகைக்குத் தெற்கே, இங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால். அங்கே 75,000 சதுர கிலோமீற்றரை ஆராயும் உரிமை இந்தியாவிடம் இருக்கிறது. சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2021 இல் 'வராஹா' என்ற சங்கிலிச் சக்கர வண்டியை அங்கே இறக்கி, 5,270 மீற்றர் ஆழத்துச் சேற்றில் ஓட்டிப் பார்த்தது.

சரி, குழாய்க்கு வருவோம். கிணற்று மோட்டர் உண்மையில் எதையும் இழுப்பதில்லை. குழாய்க்குள் அமுக்கத்தைக் குறைக்கிறது. தண்ணீரை மேலே தள்ளுவது வெளியே இருக்கும் வளிமண்டலம். அதன் பலம் பத்து மீற்றர் நீரோடு முடிந்துவிடும். கடலிலோ, இரண்டு பக்கமும் திறந்த ஐந்து கிலோமீற்றர்க் குழாயை இறக்கினால், கடல் மட்டம் வரைக்கும் அது தானாகவே நிரம்பி நிற்கும். உள்ளே இருக்கும் நீரை வெளியே இருக்கும் நீரே தாங்கிக்கொள்கிறது. ஆகவே ஐந்து கிலோமீற்றர் தண்ணீரைத் தூக்கும் வேலையே கிடையாது. கல் நீரைவிட எவ்வளவு கூடுதல் பாரமோ, அதை மட்டும் ஈடுகட்டினால் போதும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈரக் கல்லின் அடர்த்தி கடல்நீரைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. குழாயின் கனவளவில் பத்தில் ஒரு பங்கு கல் என்று வைத்தால், கூடுதல் பாரம் சுமார் 470 மீற்றர் நீருக்குச் சமம். ஐயாயிரம் மீற்றர் வேலை ஐந்நூறு மீற்றருக்குள் இறங்கிவிட்டது!

இந்த ஈடுகட்டலைச் செய்ய இரண்டு வழி. குழாயில் இடையிடையே பம்பிகளைப் பொருத்தலாம். மற்றது எனக்குப் பிடித்தது: குழாயின் நடுவழியில் அமுக்கிய காற்றைச் செலுத்துவது. குமிழிகள் கலந்ததும் உள்ளே இருக்கும் நிரல் இலேசாகிவிடும். வெளியே இருக்கும் கனமான கடல் அதைக் கீழிருந்து உந்தித் தள்ளும். மீன்தொட்டி வடிகட்டியில் குமிழி தண்ணீரைத் தூக்குவதும் இதே வேலைதான். காற்றைக் குழாயின் அடியிலேயே விட்டால் என்ன? அங்கே 500 வளிமண்டல அமுக்கம், அதாவது மேலே நம்மை அழுத்தும் காற்றைப்போல 500 மடங்கு. அதை எதிர்த்துக் காற்றை அனுப்புவது வீண்செலவு. இரண்டு கிலோமீற்றர் ஆழத்தில் விட்டால், அந்த மேல்பகுதியில் சராசரியாகக் கால் பங்கு காற்றாக இருந்தாலே நம் 470 மீற்றர் கணக்குத் தீர்ந்துவிடும். உராய்வுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம்.

இனித்தான் போயிலின் விதி விளையாடுகிறது: அமுக்கம் பாதியானால் வாயுவின் கனவளவு இரு மடங்காகும். 2,000 மீற்றரில் 200 வளிமண்டலத்தில் நசுங்கியிருக்கும் குமிழி, 1,000 மீற்றருக்கு வந்தும் இரண்டு மடங்குதான். 90 மீற்றரில் இருபது மடங்கு. 10 மீற்றரில் நூறு மடங்கு. மேற்பரப்பில் இருநூறு. அதாவது, இரண்டு கிலோமீற்றர்ப் பயணத்தில் நடக்கும் விரிவில் பாதி, கடைசிப் பத்து மீற்றரில் நடக்கிறது! கீழே அமைதியாக ஏறிவந்த நீரும் கல்லும் மேலே வரவர வெறிபிடித்து ஓடும். அந்த வேகத்தில் கல் மோதித் தூளாகும், குழாயும் தேயும். அதனால் மேலே போகப்போகக் குழாயை அகலமாக்குவார்கள். கீழ்ப்பகுதியில் கவலை நேர்மாறானது: பெரிய கல் நீரில் வினாடிக்கு ஒரு மீற்றர் அளவில் விழும், நீர் அதைவிட வேகமாக ஏறாவிட்டால் கல் திரும்பிவிடும். கொம்பிறசர் திடீரென்று நின்றால், குழாயில் இருக்கும் அத்தனை கல்லும் கீழே இறங்கி அடைக்கும். அதற்காகவே அடியில் திறந்து கொட்டிவிடும் வால்வு ஒன்று வேண்டும். ஆனால் பழுதாகக்கூடிய கொம்பிறசர் கப்பலில் இருக்கிறது, கடலுக்கடியில் இல்லை. நள்ளிரவிலும் ஸ்பானரோடு போய்த் திருத்தலாம்.

இது கனவு அல்ல. 1978 இல் பசிபிக்கில் ஒரு பன்னாட்டுக் கூட்டு நிறுவனம் பம்பி, காற்று இரண்டையும் சோதித்து ஏறக்குறைய 800 தொன் கல் எடுத்தது. 2022 இல் 'ஹிடன் ஜெம்' கப்பல் 4.3 கிலோமீற்றர்க் குழாயால் மூவாயிரம் தொன்னுக்கு மேல் ஏற்றியது.

எங்கள் நாட்டுக்கும் இதில் பங்கு வேண்டும் என்று சிலர் துள்ளுவார்கள். புல்மோட்டையின் கனிய மணல் எங்கள் மாவட்டத்துக் கரையிலேயே கிடக்கிறது. அதையே பெரும்பாலும் பிரித்தெடுத்து மூலப்பொருளாக ஏற்றுமதி செய்கிறோம். ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குச் செலவழிக்கக் கணக்குப் பார்க்கும் நாடு ஆழ்கடலைப் பற்றிப் பேசுவது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

காற்றுக் குழாய் தீர்க்காத சிக்கல் ஒன்றும் இருக்கிறது. கல்லோடு சேறும் குளிர்நீரும் மேலே வரும். கல்லைப் பிரித்தபின் மிச்சத்தை எங்கே விடுவது? 2022 சோதனையில் அதை 1,200 மீற்றர் ஆழத்தில் விட்டார்கள். அங்கே வாழும் உயிர்களுக்கு அந்தக் கலங்கல் என்ன செய்யும் என்று அளப்பது, கல் எடுப்பதைவிட மெதுவான வேலை. 1989 இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் பெரு நாட்டுக்கு அப்பாலுள்ள ஆழ்கடல் தரையை வேண்டுமென்றே உழுதுவிட்டு வந்தார்கள். 2015 இல் திரும்பிப் போனபோதும் உழுத தடங்கள் தெளிவாகத் தெரிந்தன.